மார்செய் முதல் சிங்க்வே தெர்ரே வரை: மூன்று நாள் கார், மீதி ரயில்

சான் ரஃபாயேல் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். வலப்பக்கம் செங்காவிப் பாறைகள் சரிந்து நீலத் தண்ணீருக்குள் இறங்குகின்றன. இடப்பக்கம் வளைவு வளைவாகக் கட்டிய கல் பாலத்தின் மேல் ஒரு ரயில் போகிறது.

"என்னங்க, அங்க பாருங்களேன், ரயில்!"

"நான் ரோட்டைப் பார்க்கட்டுமா, ரயிலைப் பார்க்கட்டுமா, கடலைப் பார்க்கட்டுமா? ஏதாவது ஒண்ணைச் சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி. எதிரே ஒரு வளைவு, வளைவில் நான்கு சைக்கிள்காரர்கள். அந்தச் சாலையில் அவர் கடலைப் பார்த்ததெல்லாம் வண்டியை ஓரங்கட்டிய நான்கைந்து இடங்களில் மட்டும்தான்.

இந்த வழிகாட்டியின் அடிப்படையே அந்தச் சண்டைதான். காரில் போனால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம், ஆனால் ஒருவர்தான் வேடிக்கை பார்க்க முடியும். ரயிலில் இருவரும் பார்க்கலாம், ஆனால் அது நிற்கும் இடத்தில்தான் இறங்க முடியும். மத்தியதரைக் கடலோரத்தில் பிரான்ஸின் மார்செயிலிருந்து இத்தாலியின் சிங்க்வே தெர்ரே என்னும் ஐந்து கடலோர ஊர்கள் வரைக்கும், எந்தத் துண்டுக்குக் கார், எந்தத் துண்டுக்கு ரயில் என்று சரியாகப் பிரித்துவிட்டால் சண்டை பாதியாகக் குறையும். முழுதாக நிற்கும் என்று நான் சொல்லவில்லை.

எங்கள் கணக்கு 12 இரவுகள்: மார்செய் 2, கசிஸ் 2, சான் ரஃபாயேல் 1, நீஸ் 3, ஜெனோவா 1, சிங்க்வே தெர்ரேக்கு அடுத்த ஊரான லெவான்டோ 3. மார்செயிலிருந்து நீஸ் வரை கார். அதன் பிறகு ரயில் மட்டுமே.

முதல் படி: தேதி

கோடை என்றதும் எல்லாரும் ஜூலை, ஆகஸ்ட் என்று குறிக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் அதே மாதங்களில்தான் இதே கடற்கரைக்கு வருகிறார்கள். ஜூன் முதல் மூன்று வாரமோ செப்டம்பர் முதல் பாதியோ கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். ஜூன் கடைசியில் இங்கே இருட்ட இரவு 9 மணிக்கு மேல் ஆகிவிடும். ஒரு நாளைக்குள் இரண்டு நாள் கிடைத்த மாதிரி இருக்கும். குளிப்பதுதான் முக்கியம் என்றால் செப்டம்பரைத் தேர்ந்தெடுங்கள். கோடை முழுக்க வெயில் வாங்கிய கடல் அப்போதுதான் இதமாக இருக்கும்.

பள்ளி விடுமுறை காரணமாக ஜூலை, ஆகஸ்டில்தான் முடியும் என்றால் இரண்டு விஷயம். சனிக்கிழமை கார் எடுக்காதீர்கள். ஜூலை விடுமுறை முடிந்து திரும்புபவர்களும் ஆகஸ்ட் விடுமுறைக்குக் கிளம்புபவர்களும் ஒரே நெடுஞ்சாலையில் மோதிக்கொள்ளும் சனிக்கிழமைகள் அவை. பிரெஞ்சு அரசின் 'பிசோன் ஃப்யுதே' என்னும் போக்குவரத்து முன்னறிவிப்பு ஒவ்வொரு நாளையும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் பிரித்துச் சொல்லும். கறுப்பு நாளில் கிளம்பினால் நெடுஞ்சாலையைத்தான் சுற்றிப் பார்ப்பீர்கள். இரண்டாவது, ஆகஸ்ட் 15 இத்தாலியில் 'ஃபெர்ரகோஸ்தோ' விடுமுறை. அந்த வாரம் கடலோர ஊர்களில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு.

இரண்டாம் படி: விசா, உரிமம், கார்டு

இந்தியப் பாஸ்போர்ட், இலங்கைப் பாஸ்போர்ட் இரண்டுக்குமே ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் சமமாக இருந்தால் முதலில் எந்த நாட்டில் நுழைகிறீர்களோ அது. எங்கள் திட்டத்தில் பிரான்ஸ் 8, இத்தாலி 4, அதனால் பிரான்ஸ். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் எடுக்க மாட்டார்கள். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கோடைக்கு நேர்காணல் நேரம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் பிப்ரவரி, மார்ச்சிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் புதிய முறை படிப்படியாக வந்திருக்கிறது. நீங்கள் முதலில் இறங்கும் ஐரோப்பிய விமான நிலையத்தில்தான் இது நடக்கும். அங்கிருந்து அடுத்த விமானத்துக்கோ ரயிலுக்கோ மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

ஓட்டப் போகிறவருக்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். இந்தியாவில் ஆர்டிஓ அலுவலகத்தில் எடுக்கலாம், ஓராண்டு செல்லும். அசல் உரிமத்தையும் கூடவே வைத்திருக்க வேண்டும், அனுமதி மட்டும் இருந்தால் போதாது.

இப்போது நாங்கள் பட்ட பாடு. வாடகைக் கார் கவுன்டரில் முன்பணத்துக்கு என் கார்டை நீட்டினேன். முன்பதிவு என் கணவர் பெயரில். "ஓட்டுபவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டுதான் வேண்டும், டெபிட் கார்டு கூடாது" என்றாள் அந்தப் பெண், சிரித்த முகம் மாறாமல். அவரிடம் இருந்த ஒரே கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கி வைத்திருந்தது. வங்கிச் செயலியைத் திறந்து, ஓடிபி வருவதற்கு ரோமிங்கைத் தட்டி எழுப்பி, முக்கால் மணி நேரம். நிபந்தனைகளில் எழுதியிருந்ததைப் படிக்காதது எங்கள் தப்புதான். ஓட்டுபவர் பெயரில், வெளிநாட்டுப் பயன்பாடு திறந்த, முன்பணத்தைத் தாங்கும் வரம்புள்ள கிரெடிட் கார்டு. இதை ஊரிலேயே சரிபாருங்கள்.

மூன்றாம் படி: எதை முதலில் பதிவு செய்வது

விமான டிக்கெட்டைப் போக ஒரு ஊர், வர ஒரு ஊர் என்று எடுங்கள். பாரிஸில் இறங்கி, மிலானிலோ ரோமிலோ ஏறுவது வசதி. பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்துக்குள்ளேயே அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து மார்செய்க்கு நேரடி ரயில்கள் உண்டு, பாரிஸ் நகருக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு போகவே வேண்டாம். நகருக்குள் போய் லியோன் நிலையத்தில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. 2001-இல் திறந்த அதிவேகத் தடம் 750 கிலோமீட்டரை இப்படிச் சுருக்கிவிட்டது.

அடுத்தது லெவான்டோ அறை, அதன் பின் கசிஸ் அறை. இரண்டும் சின்ன ஊர்கள், முதலில் நிரம்புபவை. அதற்கடுத்து கார். பிறகு அதிவேக ரயில் டிக்கெட், அது நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். நீஸ் பக்கத்து உள்ளூர் ரயிலுக்கும் இத்தாலியின் பிராந்திய ரயிலுக்கும் முன்கூட்டிப் பதிவே தேவையில்லை. என்றைக்கு வாங்கினாலும் ஒரே விலை.

லக்கேஜைப் பற்றி ஒரு வார்த்தை. ஆளுக்கு ஒரு கைப்பெட்டி, ஒரு முதுகுப்பை, அவ்வளவுதான். ஏழாம் நாள் நீஸில் துவைத்துக்கொள்ளலாம், காசு போட்டால் ஓடும் சலவை இயந்திரக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. பட்டுப் புடவை எடுத்துக்கொண்டு போனேன். போட்டோ அழகாக வந்தது. ஆனால் கருங்கல் பாவிய ஏற்றத் தெருவில் அந்தப் பெட்டியைத் தூக்கியவர் அவர்.

நான்காம் படி: மார்செய், இரண்டு இரவு

சான் சார்ல் ரயில் நிலையம் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. வெளியே வந்தால் ஊர் முழுக்கக் காலடியில் விரியும், எதிரே குன்றின் உச்சியில் நோத்ர் தாம் த லா கார்த் மாதா கோயில். கீழே இறங்க 104 படிகள். படிகளின் அடியில் இரண்டு பக்கமும் ஒய்யாரமாகச் சாய்ந்திருக்கும் பெண் சிலைகளைப் பாருங்கள். ஒன்று ஆசியக் காலனிகள், மற்றது ஆப்பிரிக்கக் காலனிகள். புதுச்சேரியும் அந்த ஆசியச் சிலைக்குள் அடக்கம். கப்பல் காலத்தில் கிழக்கிலிருந்து வந்தவர்கள் ஐரோப்பாவில் கால் வைத்த வாசல் இந்தத் துறைமுகம். வட்டமேசை மாநாட்டுக்குப் போகும் வழியில் 1931 செப்டம்பர் 11 அன்று காந்தி ராஜபுதானா கப்பலிலிருந்து இறங்கியதும் இங்கேதான்.

கி.மு. 600 வாக்கில் கிரேக்கர்கள் அமைத்த ஊர் இது. பழைய துறைமுகத்தைச் சுற்றி நடப்பது, காலையில் மீன் விற்கும் பெண்களைப் பார்ப்பது, 2013-இல் திறந்த முசெம் அருங்காட்சியகத்தின் மொட்டை மாடியில் அந்தி வரை உட்கார்ந்திருப்பது. இரண்டு நாளுக்கு இது போதும். இங்கே கார் வேண்டவே வேண்டாம். மெட்ரோவும் பேருந்தும் இருக்கின்றன, காரை நிறுத்த இடமும் கிடையாது.

சைவர்களுக்கு இந்தக் கடற்கரை பயப்படும் அளவுக்கு மோசமில்லை. காப்பாற்றுவது நம் கடலை மாவு. மார்செயில் அது 'பானிஸ்': மாவைக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரித்தது. நீஸில் 'சொக்கா': பெரிய தாம்பாளத்தில் ஊற்றி விறகடுப்பில் சுட்ட கடலை மாவு அடை. எல்லை தாண்டி ஜெனோவாவில் அதே அடைக்கு 'ஃபரினாத்தா' என்று பெயர். மிளகை மட்டும் தாராளமாகத் தூவச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: கார் எடுப்பது

மூன்றாம் நாள் காலை 11 மணிக்கு மார்செயில் எடுத்தோம், ஆறாம் நாள் காலை 11-க்குள் நீஸில் ஒப்படைத்தோம். வாடகை 24 மணி நேரக் கணக்கில் ஓடுவதால் இது சரியாக மூன்று நாள். பிரான்ஸுக்குள்ளேயே எடுத்து பிரான்ஸுக்குள்ளேயே விடுவதுதான் சூட்சுமம். எல்லை தாண்டி இத்தாலியில் விட்டால் வாங்கும் கட்டணத்தில் இருவரும் ரயிலில் சொகுசாகப் போய்விடலாம்.

இங்கே வாடகை வண்டிகளில் கியர் போடும் வண்டிகளே மலிவு. வண்டி இடப்பக்க ஸ்டியரிங், கியர் வலது கையில், சாலையிலும் வலப்பக்கம்தான் ஓட வேண்டும். இத்தனையையும் ஒரே நாளில் பழகுவதற்குப் பதில் ஆட்டோமேட்டிக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் முதல் ரவுண்டானாவிலேயே அந்தக் காசின் அருமை தெரியும். அளவில் இருப்பதிலேயே சின்ன வண்டியாக எடுங்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை இவ்வளவுதான். நெடுஞ்சாலையில் வேக வரம்பு 130, மழையில் 110. ஊருக்குள் 50, பல இடங்களில் 30. ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையில் பெரும்பாலும் 80. ரவுண்டானாவுக்குள் ஏற்கெனவே இருப்பவருக்கே வழி. ஆனால் எந்தப் பலகையும் கோடும் இல்லாத முச்சந்தியில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழி விட வேண்டும். சந்திலிருந்து ஒரு வண்டி திரும்பிக்கூடப் பார்க்காமல் சடாரென்று வரும், சட்டம் அவர் பக்கம்.

டோல் வாசலில் ஆரஞ்சு நிற 'டி' எழுத்து மட்டும் எரியும் பாதைக்குள் போகாதீர்கள், அது நம்ம ஊர் ஃபாஸ்டேக் போலக் கருவி உள்ளவர்களுக்கு. பச்சை அம்புக்குறியோ கார்டு படமோ உள்ள பாதை நமக்கு. பெட்ரோல் போடும்போது மூடியின் உட்புறம் பாருங்கள்: வட்டத்துக்குள் எழுத்து இருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் இருந்தால் டீசல். டீசலுக்கு அங்கே 'கசோல்' என்று பெயர். கேஸொலின் மாதிரி கேட்கிறதே என்று பெட்ரோல் வண்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

கடற்கரையில் நிறுத்தும்போது வண்டிக்குள் எதுவும் கண்ணில் படக் கூடாது. லக்கேஜோடு இருக்கும் நாளில் ஒருவர் குளிக்க, ஒருவர் காவல். அதுவும் பழகிவிடும்.

ஆறாம் படி: கசிஸ்

மார்செய்க்கும் கசிஸுக்கும் நடுவே சுண்ணாம்புப் பாறைகள் கடலுக்குள் விரல்களாக நீண்டு, இடையிடையே தண்ணீர் உள்ளே புகுந்து குறுகிய நீர்ச் சந்துகளாக நிற்கும். இவைதான் கலாங்க். 2012 முதல் இது தேசியப் பூங்கா.

திட்டமிடாமல் போனால் ஏமாற்றம் நிச்சயம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து ஒவ்வொரு நாளும் நடைபாதைகளைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்கிறார்கள். அறிவிப்பு முந்தைய நாள் மாலைதான் வரும். மிஸ்திரால் என்னும் வடக்குக் காற்று வீசினால் மூடிவிடுவார்கள், கெஞ்சிப் பயனில்லை. சுஜித்தோன் என்னும் கலாங்குக்கு உச்சப் பருவத்தில் முன்பதிவு கட்டாயம். இலவசம்தான், ஆனால் ஒரு நாளைக்கு 400 பேர். அதனால்தான் கசிஸில் இரண்டு இரவு வேண்டும் என்கிறேன். ஒரு நாள் காற்றடித்தாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும்.

எங்களுக்கு முதல் நாள் மூடியிருந்தது. துறைமுகத்தில் படகு ஏறி மூன்று கலாங்குகளைத் தண்ணீர்ப் பக்கமிருந்து பார்த்தோம். மறுநாள் காலை ஏழரைக்கே நடந்து போர் மியூ, போர் பேன் வரை போனோம். போர் பேனில் பைன் மரங்கள் தண்ணீர் வரைக்கும் இறங்கி வருகின்றன. எட்டரை மணிக்குப் பத்துப் பேர்கூட இல்லை. பத்து மணிக்குத் துண்டு விரிக்க இடமில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வழுக்காத செருப்பு இரண்டும் கட்டாயம். அங்கே நிழலும் கிடையாது, குழாயும் கிடையாது.

மாலையில் கப் கனாய் மலைமுகட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு போங்கள். கடல் மட்டத்திலிருந்து 394 மீட்டர் செங்குத்தாக எழும் பாறை அது. கசிஸிலிருந்து லா சியோத்தா வரை முகட்டின் மேலேயே போகும் சாலை சுமார் 15 கிலோமீட்டர். பல இடங்களில் தடுப்பு வேலி இல்லை, விளிம்புக்குப் போய் செல்ஃபி எடுக்கும் வேலை வேண்டாம். பலத்த காற்று நாளில் இந்தச் சாலையையும் மூடுவார்கள். இறங்குமிடமான லா சியோத்தாவின் நிலையத்தில்தான் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் ரயில் வந்து நிற்பதைப் படம் பிடித்தார்கள். என் கணவர் அங்கே போய்ப் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு அடுத்த ரயிலைப் போனில் எடுத்தார்.

ஏழாம் படி: எஸ்தெரெல், அதிகாலையில்

ஐந்தாம் நாள் கசிஸிலிருந்து நெடுஞ்சாலை பிடித்துத் தூலோனைத் தாண்டிவிடுங்கள். அந்தப் பகுதிக் கடலோரச் சாலை ஊர்களுக்குள் நெளிந்து நேரத்தைத் தின்னும். லெ மியுயி அருகே இறங்கி சான்த் மாக்சீம் போய், காரை அங்கேயே விட்டுவிட்டுப் படகில் சான் துரோப்பே. கால் மணி நேரப் பயணம். சான் துரோப்பேவுக்கு ரயிலே கிடையாது, சாலையும் வளைகுடாவைச் சுற்றி ஒன்றே ஒன்று. கோடையில் அதில் மாட்டினால் மணிக்கணக்கு. ஊர் எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. படகுகளைப் பார்க்க வந்தவர்களைப் படகுக்காரர்கள் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். படகுப் பயணத்துக்காகப் போகலாம்.

இரவு சான் ரஃபாயேலில் தங்கி, மறுநாள் காலை 7 மணிக்குக் கிளம்புங்கள். இங்கிருந்து கான் நகரத்தின் பக்கம் போகும் கடலோரச் சாலைக்குப் பொன் சாலை என்று பொருள்படும் பெயர். 1903-இல் திறந்தார்கள். எஸ்தெரெல் மலை எரிமலைக் குழம்பு உறைந்த பாறை, அதனால்தான் இந்தச் சிவப்பு. கிழக்கு வெயில் நேராக அடிப்பதால் காலையில் பாறை தணல் மாதிரி இருக்கும், போக்குவரத்தும் இருக்காது. துராமோன் கடற்கரையில் முதல் நிறுத்தம்: எதிரே தீவில் ஒற்றைக் கோபுரம். இந்தக் கடற்கரைதான் 1944 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்கப் படைகள் இறங்கிய இடம். அடுத்து அகே விரிகுடா, அப்புறம் ஆந்தெயோர் ரயில் பாலம். ஓட்டுபவருக்கு ஒரு சலுகை: எங்கே நிறுத்துவது என்பதை இந்த ஒரு நாள் அவர் முடிவு செய்யட்டும். ஓரம் கிடைத்த இடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள்.

தெயூல் ஊர் வந்ததும் நெடுஞ்சாலைக்கு ஏறி நேராக நீஸ் விமான நிலையம். அங்கே காரை ஒப்படைப்பது சுலபம், ஊருக்குள் இருக்கும் சந்துக் கராஜ்களில் சுற்ற வேண்டாம். கொடுக்குமுன் நான்கு பக்கமும், சக்கரங்களையும், பெட்ரோல் முள்ளையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்தால் இரண்டாம் எண் ட்ராம், ஊர் நடுவே கொண்டு விடும்.

எட்டாம் படி: நீஸ், மூன்று இரவு

அறையை ரயில் நிலையத்துக்கும் ட்ராமுக்கும் நடந்து போகும் தூரத்தில் எடுங்கள். நீஸ் 1860-இல்தான் பிரான்ஸோடு சேர்ந்தது. பழைய ஊரின் மஞ்சளும் காவியும் பூசிய சுவர்களும், சந்தைச் சத்தமும் பாதி இத்தாலி. கடற்கரையில் மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். தண்ணீருக்குள் போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்கினால் பரதநாட்டியம்தான்.

ஒரு காலை குர் சலேயா சந்தை, திங்கட்கிழமை அங்கே காய்கறிக்குப் பதில் பழம்பொருள் கடைகள். இங்கே சைவர்களுக்கு ஒரு பொறி: 'பிசலாதியேர்' என்ற வெங்காய ரொட்டி. பார்த்தால் அப்பாவியாக இருக்கும், மேலே நெத்திலி வகையான மீன் வைத்திருப்பார்கள். தேன் நிறத்தில் வதங்கிய வெங்காயத்துக்கு ஆசைப்பட்டு நான் ஒரு கடி கடித்துவிட்டேன். உணவகத்தில் மதியம் 12 முதல் 2 வரை, இரவு ஏழரைக்கு மேல். நடுவில் பசித்தால் பேக்கரிதான். தண்ணீர் கேட்கும்போது 'கராஃப் தோ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் இலவசம். புட்டித் தண்ணீர் பில்லில் ஏறும்.

இங்கிருந்து ரயிலில் பக்கத்து ஊர்கள். ஒரு நாள் மேற்கே ஆன்டீப்: பிக்காசோ 1946-இல் வேலை செய்த கிரிமால்டி கோட்டை இப்போது அவர் பெயரில் அருங்காட்சியகம். இன்னொரு நாள் கிழக்கே வில்ஃப்ரான்ஷ்: நீஸிலிருந்து சில நிமிடங்கள், நிலையத்தின் கீழேயே கடற்கரை. மொனாக்கோவில் ரயில் பூமிக்கடியில் நிற்கும். மேலே வந்து இரண்டு மணி நேரம் சுற்றினால் போதும்.

ஒன்பதாம் படி: எல்லை தாண்டும் ரயில்

இதற்காகத்தான் காரை விட்டோம். நீஸிலிருந்து வென்டிமீலியா வரை உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கிழக்கே போகும்போது வலப்பக்க ஜன்னல். வில்ஃப்ரான்ஷ் விரிகுடா, போலியு, எஸ், சுரங்கம், மறுபடி கடல், சுரங்கம், மொனாக்கோ, எலுமிச்சைக்குப் பேர் போன மான்தோன். கோடையில் காலை எட்டுக்கு முன் ஏறினால் இருவருக்கும் எதிரெதிர் ஜன்னல் கிடைக்கும், பத்து மணிக்கு நிற்கக்கூட இடமிருக்காது. பிரெஞ்சுப் பலகையில் வென்டிமீலியாவின் பெயர் கொஞ்சம் மாறி எழுதியிருக்கும், குழம்ப வேண்டாம். ஷெங்கன்தானே என்று பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். எல்லை ரயில்களில் போலீஸ் ஏறிக் கேட்பது சகஜம்.

வென்டிமீலியாவில் இறங்கி இத்தாலிய ரயிலுக்கு மாற வேண்டும். அரை மணி நேரமாவது இடைவெளி வையுங்கள், நிலையத்துக்கு வெளியே ஒரு காபி குடிக்கலாம். இத்தாலியில் பிராந்திய ரயிலின் காகித டிக்கெட்டை ஏறுமுன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். போனில் வாங்கியதென்றால் 'செக் இன்' பொத்தானை அழுத்த வேண்டும். நாங்கள் அழுத்த மறந்தோம். பரிசோதகர் எங்கள் முகத்தையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, விரலை ஆட்டி இரண்டு நிமிடம் இத்தாலிய மொழியில் வகுப்பெடுத்து விட்டுவிட்டார். அபராதம் போட்டிருந்தாலும் கேட்க முடியாது.

ஜெனோவா வரை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். பலர் எழுதுவதுபோல வழி நெடுகக் கடல் தெரியாது. சான்ரெமோ பக்கத்துப் பழைய கடலோரத் தடத்தை எடுத்துவிட்டு உள்ளே மலைக்குள் இரட்டைத் தடம் போட்டுவிட்டார்கள். 2016-இல் அந்தோரா வரை அது நீண்டது. சான்ரெமோ நிலையமே சுரங்கத்துக்குள். அதுவரை தூங்கலாம். அந்தோராவில் எழுந்துவிடுங்கள். லைக்வேலியா, அலாசியோ, அங்கிருந்து ஃபினாலே லிகுரே வரை பழைய ஒற்றைத் தடம், ஜன்னலுக்குக் கீழே குடைகளும் அலையும்.

பத்தாம் படி: ஜெனோவா, ஒரு இரவு

பிரின்சிபே நிலையத்தில் இறங்குங்கள். பழைய ஊரின் சந்துகள் இரண்டு பேர் தோள் உரசாமல் போக முடியாத அளவு குறுகல், வெயில் மண்ணைத் தொடாது. கரிபால்டி தெருவில் வரிசையாகப் பிரபுக்களின் மாளிகைகள், 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். மாலையில் காஸ்தெல்லெத்தோ மேட்டுக்கு லிஃப்டில் ஏறுங்கள். ஆமாம், ஊர்ப் பொது லிஃப்ட். மேலே கூரைகளும் துறைமுகமும்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பெஸ்தோ. துளசி இனத்துப் 'பசிலிக்கோ' இலை, பைன் கொட்டை, பூண்டு, சீஸ், ஆலிவ் எண்ணெய் எல்லாவற்றையும் பளிங்கு உரலில் இடித்த துவையல் அது. உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்த பாஸ்தாவோடு வரும், மீனும் இறைச்சியும் கிடையாது. பில்லில் 'கொபெர்த்தோ' என்று ஒரு தொகை இருக்கும். இலைக் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏமாற்று அல்ல.

பதினோராம் படி: லெவான்டோ, சிங்க்வே தெர்ரே

மோந்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே. இந்த ஐந்து ஊர்களும் 1997 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. அறை ஐந்தில் ஒன்றில் கிடைத்தால் அழகு, ஆனால் விலையும் படிக்கட்டும் அதிகம். அடுத்த நிலையமான லெவான்டோவில் தங்கினால் சமதரை, மணல் கடற்கரை, நியாய விலை. லெவான்டோவையும் லா ஸ்பெட்சியாவையும் இணைக்கும் சிங்க்வே தெர்ரே எக்ஸ்பிரஸ் இடையில் எல்லா ஊரிலும் நிற்கும். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் சில நிமிடம்தான். நாள் முழுக்க ஏறி இறங்க ரயிலும் நடைபாதையும் சேர்ந்த கார்டு வாங்குங்கள். நாளைப் பொறுத்து விலை மாறும்.

நேரக் கணக்கு இப்படி வையுங்கள். காலை ஏழு மணி ரயில், பத்தரை வரை ஊர் சுற்றல், பிறகு லெவான்டோவுக்குத் திரும்பிக் குளியல், தூக்கம். மாலை ஐந்துக்கு மறுபடி கிளம்புங்கள். நடுப்பகல் முழுக்கச் சுற்றுலாக் கப்பல்களில் வந்தவர்கள் கையில். கோர்னீலியா மட்டும் கடலிலிருந்து நூறு மீட்டர் உயரத்தில் இருப்பதால் படகு நிற்காது, நிலையத்திலிருந்து 380 படி ஏற வேண்டும், அல்லது சின்னப் பேருந்து. அதனாலேயே அங்கே கூட்டம் சற்றுக் குறைவு. மோந்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்சாவுக்கு நடைபாதை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், திராட்சைத் தோட்டங்களின் கல் சுவர்கள் வழியாக. ரப்பர் செருப்போடு போனால் அபராதம் உண்டு. ரியோமஜோரேவுக்கும் மனரோலாவுக்கும் நடுவே உள்ள காதல் பாதை 2012-இல் பாறை சரிந்து மூடி, 2024-இல்தான் மறுபடி திறந்தது. அதற்கு நேரம் குறித்த தனிச் சீட்டு வேண்டும். தம்பதிகள் பூட்டு மாட்டும் இடம் என்பார்கள். நாங்கள் யார் கையில் அறைச் சாவி இருக்கிறது என்று தேடியபடியே கடந்தோம்.

மூன்றாம் நாள் ஓய்வு. லெவான்டோவில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, பழைய ரயில் சுரங்கங்களின் வழியே பொனசோலா, ஃப்ரமுரா வரை போகலாம். ஒரு பக்கத்துக்கு ஆறு கிலோமீட்டருக்குள்தான், ஏற்றமே இல்லை. ஜூலை வெயிலில் சுரங்கத்துக்குள் அடிக்கும் குளிர்காற்றுக்கு ஈடு இல்லை.

கடைசிப் படி: திரும்புதல்

இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், முன்கூட்டியே தேதி அறிவித்துத்தான் செய்வார்கள். 'ஷோப்பெரோ' என்ற சொல்லைப் போனில் தேடிப் பாருங்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் பிராந்திய ரயில்களில் குறைந்தபட்சச் சேவை உறுதி. விமானம் இருக்கும் நாளுக்கு முந்தைய இரவே மிலான் அல்லது ரோமுக்குப் போய்விடுவது நல்லது. ஐரோப்பாவுக்குள் பறப்பதென்றால் லா ஸ்பெட்சியாவிலிருந்து பிசா ஒரு மணி நேரம் போல.

வீட்டுக்குப் பெஸ்தோ வாங்கினால் விமானத்தில் சரக்காகப் போடும் பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவில் வையுங்கள். விமான நிலையப் பாதுகாப்பில் அது திரவக் கணக்கு, பல நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விட மாட்டார்கள். எங்களுடைய இரண்டு புட்டிகளும் அங்கேயே குப்பைத் தொட்டிக்குள் போயின. யார் அதைக் கைப்பையில் வைத்தது என்பது இன்னும் முடிவாகவில்லை.